நடுவில் நிற்கும் கறுப்பு மெழுகுவர்த்தி: குவான்சா விளக்கேற்றலின் பொருள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 மாலை, அமெரிக்காவில் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வரவேற்பறை மேசை ஒன்று புதிதாக ஒழுங்குபடுத்தப்படுகிறது. முதலில் அதன்மேல் ஒரு பின்னல் பாய் விரிக்கப்படும். பாயின்மேல் பழங்களும் காய்களும், வீட்டிலுள்ள குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மக்காச்சோளக் கதிர்களும், எல்லாரும் மாறி மாறிப் பருகுவதற்கான ஒரே ஒரு கோப்பையும் வைக்கப்படும். நடுநாயகமாக ஏழு குழிகள் கொண்ட ஒரு தாங்கி நிற்கும். பெரும்பாலும் மரத்தில் செய்யப்படும் அந்தத் தாங்கிக்குக் கினாரா என்று பெயர். அதில் இடப்பக்கம் மூன்று சிவப்பு மெழுகுவர்த்திகள், வலப்பக்கம் மூன்று பச்சை மெழுகுவர்த்திகள், நடுவே ஒரு கறுப்பு மெழுகுவர்த்தி. பெரியவர் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் "ஹபாரி கானி?" என்று கேட்பார். "என்ன செய்தி?" என்பது அதன் பொருள். கூடியிருப்பவர்கள் "உமோஜா" என்று விடை சொல்வார்கள். உமோஜா என்றால் ஒற்றுமை. பிறகு குழந்தை ஒன்று முன்வந்து நடுவிலுள்ள கறுப்பு மெழுகுவர்த்தியை ஏற்றும். அன்றைக்கு அது ஒன்று மட்டுமே எரியும்.

இப்படித் தொடங்கி ஜனவரி 1 வரை ஏழு நாள் நடக்கும் விழாவுக்குக் குவான்சா என்று பெயர். விளக்கேற்றல் இல்லாத விழாக்கள் உலகில் குறைவு என்பதால், இதையும் ஒளியைப் போற்றும் வழிபாடுகளில் ஒன்றாக எண்ணிவிடுவது எளிது. ஆனால் குவான்சாவில் ஒளி வணங்கப்படுவதில்லை. எந்தத் தெய்வத்துக்கும் அது படைக்கப்படுவதுமில்லை. அங்கே ஏற்றப்படும் ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் ஒரு கொள்கையின் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி, அது நம் வீட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று குடும்பமே அமர்ந்து பேசுவதற்கான அழைப்புதான் அந்தச் சுடர். எந்த நிறம் எங்கே நிற்கிறது, எது முதலில் ஏற்றப்படுகிறது, எது எத்தனை முறை எரிகிறது என்பதில்தான் இந்தச் சடங்கின் பொருள் முழுவதும் பொதிந்திருக்கிறது.

குவான்சா பழமையான விழா அன்று. 1966ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அதை வகுத்தவர் மௌலானா கரெங்கா என்ற கறுப்பின அறிஞரும் செயல்பாட்டாளரும் ஆவார். அதற்குப் பதினாறு மாதங்களுக்கு முன், 1965 ஆகஸ்டில், அதே நகரின் வாட்ஸ் பகுதியில் காவல்துறையின் கைது நடவடிக்கை ஒன்றிலிருந்து பெருங்கிளர்ச்சி வெடித்தது. ஆறு நாள் நீடித்த அந்தக் கிளர்ச்சியில் 34 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தெருத்தெருவாகக் கடைகளும் கட்டடங்களும் எரிந்தன. வேலையின்மையும் வீட்டுவசதியில் காட்டப்பட்ட பாகுபாடும் காவல்துறையின் கடுமையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கோபம் அது. சட்டப்படி சம உரிமை எழுதப்பட்டுவிட்ட பிறகும் வாழ்க்கை மாறாதபோது, தங்களைத் தாங்களே மதித்துக்கொள்ளவும் ஒன்றுசேர்ந்து எழவும் ஒரு பண்பாட்டு அடித்தளம் வேண்டும் என்ற எண்ணம் அன்றைய கறுப்பின இளைஞரிடையே வலுத்தது. கரெங்காவும் அவர் தொடங்கிய அமைப்பும் அந்த எண்ணத்துக்குக் கொடுத்த வடிவங்களில் ஒன்றுதான் குவான்சா.

சுவாஹிலியில் "மட்டுண்டா யா குவான்சா" என்றால் முதற்கனிகள் என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களும் எஸ்வாத்தினியின் சுவாசி மக்களும் ஆண்டு இறுதியை ஒட்டி முதல் விளைச்சல் விழா எடுப்பவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கிழங்கு அறுவடையை ஒட்டிய விழாக்கள் இன்றும் உண்டு. இவற்றின் பொதுக்கூறுகளை எடுத்துத்தான் புதிய விழா அமைக்கப்பட்டது. அதன் பெயரில் ரோமன் எழுத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். முதல் விழாவில் ஏழு குழந்தைகள் ஆளுக்கோர் எழுத்தை ஏந்தி நிற்க விரும்பினார்களாம்; சுவாஹிலிச் சொல்லிலோ ஆறு எழுத்துகளே இருந்தன; ஒரு குழந்தையும் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று ஏழாவது எழுத்து சேர்க்கப்பட்டதாம்.

நகரத்து அடுக்ககங்களில் வாழும் மக்களுக்கு அறுவடை விழா எதற்கு என்ற கேள்வி எழலாம். அமெரிக்க மண்ணில் ஆப்பிரிக்கர்கள் அறுவடை செய்யாமல் இருந்ததில்லை. இரண்டரை நூற்றாண்டுக் காலம் புகையிலை, நெல், கரும்பு, பருத்தி என்று மற்றவர்களுக்காகவே விளைவித்தார்கள். நட்டவர்களும் அறுத்தவர்களும் அவர்கள். விளைச்சல் மட்டும் அவர்களுடையதாக இருந்ததில்லை. அந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால், தங்கள் வீட்டு மேசையில் தங்கள் பாயின்மேல் தங்களுக்கென்று கொஞ்சம் பழங்களை அடுக்கிவைப்பது சிறு செயலாகத் தோன்றாது.

மெழுகுவர்த்திகளின் நிறங்கள் குவான்சாவைவிட மூத்தவை. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் மார்க்கஸ் கார்வியின் இயக்கம் நடத்திய பெருமாநாட்டில் சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகிய மூன்றும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அனைவருக்குமான நிறங்களாக அறிவிக்கப்பட்டன. கார்வி ஜமைக்காவில் பிறந்தவர். கடல்கடந்து சிதறிய கறுப்பின மக்கள் அனைவரும் ஒரே மக்கள் என்று பேசியவர். சிந்திய குருதிக்குச் சிவப்பு, மக்களின் நிறத்துக்குக் கறுப்பு, ஆப்பிரிக்க மண்ணின் வளத்துக்குப் பச்சை என்பது அந்தக் கொடியின் பொருள். கினாராவை எதிரே நின்று பார்த்தால் இந்தத் தொடர்பு கண்ணுக்கே தெரியும்: மேலிருந்து கீழாகச் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று அமைந்த அந்தக் கொடிதான் இடமிருந்து வலமாகத் திரும்பி மெழுகுவர்த்திகளாக நிற்கிறது.

ஆனால் குவான்சா அந்த நிறங்களைக் கொடியின் வரிசையில் வாசிப்பதில்லை. ஏற்றுவது நடுவிலிருந்து தொடங்குகிறது. கறுப்பு என்பது மக்கள். சிவப்பு என்பது அவர்களின் போராட்டம். பச்சை என்பது அந்தப் போராட்டத்திலிருந்து பிறக்கும் எதிர்காலமும் நம்பிக்கையும். முதலில் மக்கள், அடுத்து போராட்டம், அதற்கும் அடுத்தபடியாகத்தான் நம்பிக்கை என்பது கினாரா சொல்லும் வரிசை. இந்த வரிசையில் ஒரு கண்டிப்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. மக்கள் ஒன்றாக நிற்காத இடத்தில் போராட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. போராடாத இடத்தில் நம்பிக்கை வெறும் ஆசையாகவே நின்றுவிடும். இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நடுத்தண்டு எரியாமல் மற்ற தண்டுகளுக்கு முறை வராது என்பதை ஏழு மாலைகள் தம் கையாலேயே செய்து பார்க்கும்போது அது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இரண்டாம் நாளிலிருந்து எந்தத் தண்டை ஏற்றுவது என்பதில் இருவேறு வழக்கங்கள் உண்டு. சிலர் இடக்கோடியில் தொடங்கி மூன்று சிவப்பையும் முடித்துவிட்டுப் பிறகு பச்சைக்கு வருவார்கள். பலர் சிவப்பு ஒரு நாள், பச்சை ஒரு நாள் என மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். முதல் முறை, போராட்டம் முழுவதும் முடிந்த பிறகே விடிவு என்று சொல்வது போல அமைகிறது. இரண்டாவது முறையில் ஒவ்வொரு போராட்டத்துக்கும் அடுத்த நாளே ஒரு பச்சை காத்திருக்கிறது. ஏழு கொள்கைகளுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் நிறங்களோடு பொருந்துவது இரண்டாவது முறையே.

ஒவ்வொரு மெழுகுவர்த்தியும் தாங்கும் கொள்கைகளுக்கு மொத்தமாக "ங்குஸோ சாபா" என்று பெயர். ஏழு தூண்கள் அல்லது ஏழு கொள்கைகள் என்று சொல்லலாம். முதல் நாளின் உமோஜாவைத் தொடர்ந்து, இரண்டாம் நாள் குஜிச்சாகுலியா: நம்மை நாமே வரையறுத்துக்கொள்வது, நமக்கு நாமே பெயரிட்டுக்கொள்வது, நமக்காக நாமே பேசுவது. கப்பலில் ஏற்றி வரப்பட்ட நாளிலேயே சொந்தப் பெயரைப் பறிகொடுத்து, உடைமையாளரின் குடும்பப் பெயரைச் சுமந்த மக்களின் வழித்தோன்றல்கள் இந்தச் சொல்லைச் சொல்லி ஒரு சிவப்பு மெழுகுவர்த்தியை ஏற்றுகிறார்கள் என்பதை நினைத்தால், ஏழிலும் கனமானது இதுவே என்று தோன்றும். மூன்றாம் நாள் உஜீமா, கூட்டு உழைப்பும் கூட்டுப் பொறுப்பும். நான்காம் நாள் உஜமா, கூட்டுறவுப் பொருளாதாரம். இந்தச் சொல்லை உலகறியச் செய்தவர் தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே. குடும்பத்துக்குள் ஒருவரை ஒருவர் தாங்குவதுபோல நாடே வாழ வேண்டும் என்பதற்கு அவர் இந்தச் சொல்லைத்தான் ஆண்டார். அமெரிக்காவில் அந்த நாளில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளில் பொருள் வாங்க வேண்டும் என்ற வேண்டுகோளாக அது நடைமுறைக்கு வருகிறது. அடுத்து நியா என்னும் நோக்கம், கூம்பா என்னும் படைப்பாற்றல், கடைசியாக இமானி என்னும் நம்பிக்கை. இமானி இறைநம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை. நம் மக்களிடத்தில், பெற்றோரிடத்தில், ஆசிரியர்களிடத்தில், நம் போராட்டம் நியாயமானது என்பதில் வைக்கும் நம்பிக்கையையே அது முதன்மையாகக் குறிக்கிறது.

ஏழு கிளைகளும் மெழுகுவர்த்திகளும் இருப்பதால் கினாராவை யூதர்களின் மெனோரா விளக்கோடு பலர் ஒப்பிடுவதுண்டு. பழைய எருசலேம் ஆலயத்தின் விளக்குக்கும் ஏழு கிளைகள்தான். ஹனுக்கா விழாவுக்கான விளக்குக்கு ஒன்பது. தோற்றத்தில் உறவு இருப்பினும் எரியும் முறையில் வேறுபாடு உண்டு. ஹனுக்காவில் ஒவ்வோர் இரவும் புதிய மெழுகுவர்த்திகள். எட்டு இரவுக்கும் சேர்த்து 44 தேவைப்படும். குவான்சாவில் ஏழு நாளுக்கும் அதே ஏழு தண்டுகள்தாம். ஒவ்வொரு மாலையும் முந்தைய நாட்களில் எரிந்தவற்றை மறுபடி ஏற்றி, அவற்றோடு அன்றைய தண்டு சேர்க்கப்படுகிறது.

இதனால் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்று உண்டு. கறுப்பு மெழுகுவர்த்தி ஏழு மாலைகளும் எரிகிறது. இரண்டாவது ஆறு மாலைகள். கடைசிப் பச்சை ஒரே ஒரு மாலை. ஏழாம் நாள் கினாராவின் முன் நின்று பார்ப்பவர் ஒரே உயரமுள்ள ஏழு சுடர்களைக் காண மாட்டார். இமானிக்கான தண்டு புதுக்கருக்கோடு ஓங்கி நிற்கும்; நடுவிலுள்ள கறுப்போ மெழுகு வழிந்து, திரி கருகி, மிகவும் தேய்ந்துபோய் நிற்கும். மெல்லிய தண்டாக இருந்தால் ஏழு நாள் தாங்காமல் இடையிலேயே மாற்ற வேண்டிவரும். ஒற்றுமைக்கான மெழுகுவர்த்திதான் எல்லாவற்றிலும் அதிகம் எரிகிறது, எல்லாவற்றிலும் விரைவில் தேய்கிறது என்பதைச் சடங்கை வகுத்தவர்கள் எண்ணித்தான் அமைத்தார்களோ இல்லையோ, பார்க்கும் எவருக்கும் அது ஒன்றைச் சொல்லாமல் இருக்காது.

மெழுகுவர்த்திக்குச் சுவாஹிலியில் ம்ஷுமா என்று பெயர், பன்மையில் மிஷுமா. ஏழு மெழுகுவர்த்திகளை மிஷுமா சாபா என்கிறார்கள். மெழுகுவர்த்தியைக் குறிக்கும் இந்தச் சொல்லும் ஏழைக் குறிக்கும் சாபாவும் அரபியிலிருந்து சுவாஹிலிக்கு வந்தவை. இந்தியப் பெருங்கடல் வாணிபம் வளர்த்த மொழி சுவாஹிலி. அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினரோ மேற்கு ஆப்பிரிக்காவையும் மத்திய ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். சுவாஹிலி அவர்களின் மூதாதையர் மொழி அன்று. இதைச் சுட்டிக்காட்டி விழாவையே செயற்கையானது என்று தள்ளுபவர்கள் உண்டு. மேசையிலுள்ள மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லலாம். இரண்டும் உண்மையே. ஆனால் இந்த மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் ஒன்று, மூதாதையர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்ற அறிவுமாகும். தன் பாட்டனின் பாட்டன் யொரூபாவா, இக்போவா, கொங்கோவா என்று அறிய வழியில்லாதவரிடம் உன் சொந்த மொழியில் விழா எடு என்று கேட்பது நியாயமாகாது. எந்த ஓர் இனக்குழுவுக்கும் மட்டும் உரியதாகக் கருதப்படாமல், ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கும் பொதுவாக வழங்கும் மொழி என்பதனாலேயே சுவாஹிலி தேர்ந்தெடுக்கப்பட்டது.

விழாவை வகுத்தவரைப் பற்றிய கடினமான உண்மையையும் மறைக்கக் கூடாது. கரெங்காவின் அமைப்புக்கும் இன்னொரு கறுப்பின அமைப்பான கரும்சிறுத்தைகள் கட்சிக்கும் இருந்த பகை 1969 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கிச் சூடாக முடிந்து, அக்கட்சியினர் இருவர் உயிரிழந்தனர். 1971இல் இரண்டு பெண்களைத் துன்புறுத்திய வழக்கில் கரெங்கா குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றார், 1975இல் வெளிவந்தார். ஒற்றுமையையும் பொறுப்பையும் வகுத்தவரே அவற்றிலிருந்து வழுவினார் என்பது வேதனையானது. அந்தப் பெண்கள் பட்ட துன்பத்தை விழாவின் சிறப்பைச் சொல்லி ஈடுகட்ட முடியாது. ஆயினும் அவர் சிறையில் இருந்த ஆண்டுகளிலும் வீடுகளில் கினாரா ஏற்றப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. நியூவார்க், சிகாகோ, புரூக்ளின் போன்ற இடங்களில் கறுப்பினப் பள்ளிகளும் பண்பாட்டு மையங்களும் இதைப் பரப்பின. தாய்மார்களும் ஆசிரியர்களும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூசாரி தேவையில்லை, ஆலயம் தேவையில்லை. ஏழு மெழுகுவர்த்திகளும் அவற்றைச் சுற்றி அமர ஒரு குடும்பமும் இருந்தால் போதும் என்ற எளிமையே விழாவை அதன் நிறுவனரிடமிருந்து பிரித்து மக்களுடையதாக்கியது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு மாற்றாகப் பேசப்பட்ட விழா, பின்னாளில் எந்த மதத்துக்கும் மாற்று அன்று என்று விளக்கப்பட்டது. இன்று தேவாலயத்துக்குச் செல்லும் குடும்பங்கள் பலவும் இரண்டையும் கொண்டாடுகின்றன. 1997இல் அமெரிக்க அஞ்சல்துறை குவான்சாவுக்குத் தபால்தலை வெளியிட்டது.

மெழுகுவர்த்திக்கும் கறுப்பின மக்களுக்கும் அமெரிக்காவில் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. குவான்சா அதிலிருந்து பிறக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நான்தான். 1712இல் நியூயார்க் நகரில் அடிமைகளின் எழுச்சி ஒன்று நடந்தது. அடுத்த ஆண்டே நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின அடிமையும் பூர்வகுடி அடிமையும் இருட்டிய பிறகு எரியும் மெழுகுவர்த்தி வைத்த லாந்தர் இல்லாமல் தெருவில் நடமாடக் கூடாது. அந்த வெளிச்சம் அவர்கள் வழி பார்த்து நடப்பதற்காக விதிக்கப்பட்டதன்று. மற்றவர்கள் அவர்களைக் கண்காணிப்பதற்காக விதிக்கப்பட்டது. மீறினால் கசையடி. தன் முகத்தைக் காட்டிக்கொடுப்பதற்காகவே தன் கையில் விளக்கேந்தி நடக்க வேண்டிய பதினைந்து வயதுச் சிறுவனை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். கினாராவின் முன் அமரும் குழந்தைகள் தங்கள் முகங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

விழாவின் நாட்களுக்கும் இதேபோல ஓர் ஆழம் உண்டு. ஆறாம் நாளான டிசம்பர் 31 அன்று கராமு என்னும் பெருவிருந்து நடைபெறும். கோப்பையிலிருந்து நீர் வார்த்து முன்னோரை நினைப்பார்கள். பெயர் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்வார்கள். பாட்டும் முரசும் உண்டு. 1862ஆம் ஆண்டின் அதே இரவில், அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனம் மறுநாள் வருமா என்று கறுப்பின மக்கள் தேவாலயங்களிலும் வீடுகளிலும் விழித்துக் காத்திருந்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் அதில் கையொப்பமிட்டார். கறுப்பினத் தேவாலயங்கள் இன்றும் ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து வழிபடுகின்றன.

அதற்கு முந்தைய காலத்தில் ஜனவரி 1 என்றாலே அடிமைக் குடும்பங்களுக்கு அச்சம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் உடைமையாளர்கள் அன்றுதான் அடிமைகளை ஓராண்டுக் கூலிக்கு விடுவார்கள், கடனுக்கு ஈடாக விற்பார்கள். தாயிடமிருந்து பிள்ளையும் கணவனிடமிருந்து மனைவியும் பிரிக்கப்பட்ட நாள் என்பதால் அதை நெஞ்சுடையும் நாள் என்றே அவர்கள் வழங்கினார்கள். குவான்சாவின் ஏழாம் நாள் அந்த ஜனவரி 1 அன்றுதான் வருகிறது. அன்று ஆரவாரம் குறைவு. நான் யார், நான் என்று சொல்லிக்கொள்பவனாகத்தான் உண்மையில் இருக்கிறேனா, நான் ஆக வேண்டிய அளவுக்கு ஆகியிருக்கிறேனா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய நாள் அது. மாலையில் "ஹபாரி கானி?" என்ற கேள்விக்கு "இமானி" என்று விடை வரும். தேய்ந்து குட்டையாகிப்போன கறுப்பு மெழுகுவர்த்தி முதலில் ஏற்றப்படும். கடைசியாக, இதுவரை தீ தொடாத அந்தப் பச்சைத் தண்டின் வெள்ளைத் திரியில் ஒரு பிள்ளை சுடரைச் சேர்க்க, தாயும் தந்தையும் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.